சுவா ஏரியில் சாமி கடந்த வழி: ஒரு கோயில் குறிப்பேட்டின் கதை

ஜனவரி முதல் வாரம், காலை ஆறரை மணி. ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் உள்ள சுவா நகரத்தில் இன்னும் சூரியன் எழவில்லை. ஏரியில் கலக்கும் ஒரு சின்ன ஆற்றின் முகத்துவாரத்தில் கனத்த கோட்டு போட்ட சிலர் கூடுகிறார்கள். வெப்பமானியைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்கிறார்கள். பனிக்கட்டி படிந்திருந்தால் அதை உடைத்து, ஒரு துண்டை எடுத்து, எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கிறார்கள். காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, ஏரி எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று கலைந்து அவரவர் வேலைக்குப் போகிறார்கள்.

இவர்கள் யாரும் வானிலை நிலைய ஊழியர்கள் இல்லை. ஒருவர் யாட்சுருகி ஜின்ஜா என்ற ஷிந்தோ (ஜப்பானின் பூர்வீகச் சமயம்) கோயிலின் கூஜி, அதாவது தலைமைப் பூசாரி. மற்றவர்கள் சோதாய் எனப்படுபவர்கள். கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் சார்பில் அனுப்பும் ஆட்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய பஞ்சாங்கப்படி 'சிறு குளிர்' தொடங்கும் நாளிலிருந்து (ஜனவரி 5 அல்லது 6) வசந்தம் பிறப்பதாகச் சொல்லப்படும் நாள் வரை (பிப்ரவரி 4-ஐ ஒட்டி) தினமும் இப்படி வந்து பார்ப்பது இவர்கள் கடமை. பார்ப்பது ஒரே ஒரு விஷயத்துக்காக: சாமி ஏரியைக் கடந்தாரா, இல்லையா?

இந்தக் கேள்விக்கான பதில் 1443-ஆம் ஆண்டிலிருந்து எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அப்போது கொலம்பஸ் பிறக்கவில்லை. வெப்பமானி என்று ஒரு கருவி வருவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஏரியோ ஆறோ உறைவதை மனிதர்கள் கண்ணால் பார்த்து எழுதிய பதிவுகளில் உலகிலேயே மிக நீண்டவற்றில் ஒன்றாக இது இன்று மதிக்கப்படுகிறது. ஒரு ஊர்க் கோயிலின் குறிப்பேடு எப்படி அந்த இடத்துக்கு வந்தது, அந்த ஊருக்கு அது இப்போது என்னவாக இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தண்ணீர் எப்படி மேடாகிறது

சுவா ஏரி பெரிய ஏரி இல்லை. பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர். கரையோரமாகச் சுற்றி வந்தால் 16 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்திலேயே ஏழு மீட்டர்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் வைத்த தண்ணீர் போலக் கிடக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் உள்ளே வருகின்றன. வெளியே போவது தென்ரியூ ஆறு ஒன்று மட்டும். உள்ளூர்ப் பேச்சிலும் பழைய எழுத்திலும் இதை ஏரி என்று சொல்லாமல் 'உமி', அதாவது கடல் என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். கடல் பார்க்காத மலைநாட்டுக்கு இதுதான் கடல்.

ஆழம் குறைவு என்பதால் தண்ணீர் முழுவதும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். காற்றடிக்காத இரவுகளில் வெப்பம் சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்கி, அது சில நாள் நீடித்தால் ஏரி கரைக்குக் கரை உறைந்துபோகும். பனிக்கட்டி பத்து சென்டிமீட்டருக்கு மேல் தடித்த பிறகுதான் வேடிக்கை தொடங்குகிறது. இரவில் குளிர் ஏற ஏறப் பனிக்கட்டி சுருங்கும். ஏரி அகலத்துக்கு ஒரே தகடாக இருப்பது சுருங்கினால் எங்காவது விரிசல் விட்டே ஆகவேண்டும். விரிசலில் கீழேயிருந்து தண்ணீர் ஏறி, மெல்லிய பனியாக உறையும். பகலில் வெயில் பட்டுத் தகடு விரியும்போது போக இடமில்லை. இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் இருக்கும் மெல்லிய பனி நொறுங்கி மேலே எழும்பும். மறுநாள் இரவு மறுபடி சுருக்கம், மறுபடி விரிசல். இப்படியே முப்பது சென்டிமீட்டரிலிருந்து சில ஆண்டுகளில் ஆள் உயரம் வரைகூட ஒரு பனி வரப்பு ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நீண்டு போகும். எழும்பும்போது இரவில் இடி போலச் சத்தம் கேட்கும்.

காலையில் எழுந்து பார்த்தால், நேற்று வரை வெறும் வெள்ளைத் தரையாக இருந்த ஏரியில் யாரோ நடந்து போன தடம் போல ஒரு கோடு. இதற்குப் பெயர் ஓமிவதாரி. 'சாமி கடந்து போனது' என்று பொருள்.

யார் அந்த சாமி, ஏன் கடக்கிறார்

சுவா தாய்ஷா என்ற பெரிய கோயில் உண்மையில் நான்கு கோயில்கள். ஏரிக்குத் தெற்கே மேல் கோயில், அதில் இரண்டு வளாகங்கள். வடக்கே கீழ்க் கோயில், அதிலும் இரண்டு. ஜப்பானின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று என்று எண்ணப்படுகிறது. இதன் கிளைக் கோயில்கள் நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று சொல்வார்கள்.

மேல் கோயிலில் இருப்பவர் தாக்கேமினாகாதா. 712-இல் எழுதி முடிக்கப்பட்ட கோஜிகி என்ற பழைய நூலில் இவருக்கு ஒரு தோல்விக் கதை இருக்கிறது. வானுலகத் தேவர்கள் நாட்டை ஒப்படைக்கச் சொன்னபோது எதிர்த்து மல்லுக்கு நின்றவர் இவர். தோற்றார். ஓடினார். துரத்தி வந்தவர்கள் சுவாவில் பிடித்தபோது, இந்த இடத்தை விட்டு வேறெங்கும் போகமாட்டேன் என்று உயிர்ப்பிச்சை கேட்டார். தோற்று ஓடிவந்த ஒருவரை ஊர் தன் தலைமைத் தெய்வமாக வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சுவாவின் சொந்தக் கதைகளில் இவர் தோற்றவராக இல்லை. வந்து இந்த நிலத்தை வென்றவராகவே இருக்கிறார். பின்னாளில் சாமுராய்கள் போர்த் தெய்வமாகவே கும்பிட்டார்கள்.

கீழ்க் கோயிலில் இருப்பவர் அவர் மனைவி யாசகாத்தோமே. கணவன் தென்கரை, மனைவி வடகரை. ஏன் இப்படி என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அம்மன் மேல் கோயிலை விட்டுக் கிளம்பும்போது அங்கிருந்த வெந்நீர் ஊற்றைப் பஞ்சில் தோய்த்து எடுத்துப் போனாளாம். வழியில் சொட்டிய இடமெல்லாம் வெந்நீர் ஊற்று. கொண்டுபோய் வைத்த இடத்தில் இன்னொரு ஊற்று. சிமோசுவா ஊரின் 'பஞ்சு ஊற்று' அதுதான் என்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு போனாள் என்று சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் கணவர் பனிக்கட்டி மேல் நடந்து மனைவியைப் பார்க்கப் போகிறார். அந்த வரப்பு அவர் நடந்த வழி.

இந்த நம்பிக்கைக்கு நடைமுறைப் பயன் ஒன்றும் இருந்தது. சாமி கடப்பதற்கு முன்னால் மனிதர் யாரும் பனிமேல் கால் வைக்கக் கூடாது. கடந்த பிறகு ஆளும் குதிரையும் தாராளமாகப் போகலாம். வரப்பு எழுந்திருக்கிறது என்றால் பனிக்கட்டி போதிய தடிமன் ஏறிவிட்டது என்று அர்த்தம் அல்லவா? எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் மலை வழியாக இணைத்த நாகாசெண்டோ நெடுஞ்சாலையும் கோஷூ நெடுஞ்சாலையும் சந்தித்த இடம் சிமோசுவா. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உறைந்த ஏரி ஒரு குறுக்கு வழி. சாமியின் அனுமதி என்பது உயிரோடு மறுகரை போய்ச் சேருவதற்கான அனுமதியும்கூட.

பார்க்கும் பொறுப்பு

இத்தனை பெரிய கோயில் இருக்கும்போது ஏரியைப் பார்க்கும் பொறுப்பு ஏன் யாட்சுருகிக்கு? இது சுவா நகரின் கோவாதா பகுதியில் இருக்கும் நடுத்தரமான ஊர்க் கோயில். முன்பு இருந்த இடம் இதுவல்ல. ஏரிக்குள் தாகாஷிமா என்ற தீவுத் திட்டில் இருந்தது. 1590-களில் அங்கே கோட்டை கட்டினார்கள். அலை மதிலைத் தொட்டுக்கொண்டிருந்ததால் 'மிதக்கும் கோட்டை' என்று பெயர் வாங்கிய கோட்டை அது. கோட்டை வந்ததும் தீவில் இருந்த ஊரும் கோயிலும் கரைக்குப் பெயர்ந்தன. பிறகு ஏரியின் ஓரங்கள் தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் பின்வாங்கி, இன்று கோட்டையே நகரத்துக்கு நடுவே நிற்கிறது. ஏரிக்குள் இருந்த கோயில், ஏரியைப் பார்க்கும் கோயிலாக மாறியதில் பெரிய வியப்பு ஒன்றும் இல்லை.

பதிவின் தொடக்கம் அதற்கும் முந்தியது. சாமி கடந்ததை மேல் கோயிலிலிருந்து, அப்போது நாட்டை ஆண்ட முரோமாச்சி ஷோகுன்களின், அதாவது படைத்தலைவர்களின், அரசுக்கு அறிக்கையாக அனுப்பும் வழக்கம் இருந்தது. 1397-ஆம் ஆண்டு அறிக்கையின் நகல் ஒன்று இருக்கிறது. 1443-இலிருந்து தொடர் பதிவு கிடைக்கிறது. 1683-இலிருந்து எழுதும் பொறுப்பு யாட்சுருகியிடம். 1871-இல் மெய்ஜி அரசு பூசாரிப் பதவிகள் பரம்பரையாக வருவதை ஒழித்தது. சுவாவில் ஒரு குடும்பத்துப் பிள்ளையை உயிருள்ள தெய்வமாகவே உட்காரவைக்கும் பழைய முறை இருந்தது. அதுவும் அந்தக் காலத்தோடு முடிந்தது. குறிப்பேட்டின் பெயர் மாறியது. 1873-இல் பஞ்சாங்கமே மாறி ஆங்கில மாதங்கள் வந்தன. எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று யோசித்தால்தான் இதன் அருமை தெரியும். நூறாண்டுக்கும் மேல் நீடித்த உள்நாட்டுப் போர்க் காலம். 1582-இல் ஒடா நொபுனாகா என்ற போர்த்தலைவரின் தரப்புப் படை மேல் கோயிலைக் கொளுத்தியது. ஆட்சிகள் போயின, ஷோகுன்கள் போனார்கள். யாரோ ஒருவர் விடியற்காலையில் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

சரி, எழுத வேண்டும் என்று ஏன் தோன்றியது? இந்த இடத்தைத்தான் ஆய்வுக்கட்டுரைகளும் பத்திரிகைச் செய்திகளும் இரண்டு வரியில் தாண்டிப்போகின்றன. பதில் ஜோசியம்.

ஓமிவதாரி எழுந்துவிட்டது என்று உறுதியானதும், 'பார்த்து வணங்கும் சடங்கு' ஒன்று நடக்கும். கூஜியும் சோதாய்களும் கரையோரமாகப் போய், வரப்பு தென்கரையில் எங்கே தொடங்குகிறது, வடகரையில் எங்கே ஏறுகிறது என்று பார்ப்பார்கள். தொடங்கும் இடத்துக்கு 'இறங்கிய இடம்', முடியும் இடத்துக்கு 'ஏறிய இடம்' என்று தனிப் பெயர்கள். தெற்கு வடக்காகப் போகும் முதல் வரப்புக்கு முதல் கடப்பு, அடுத்ததற்கு இரண்டாம் கடப்பு. கிழக்குக் கரையிலிருந்து வந்து இவற்றைக் குறுக்கே வெட்டும் வரப்புக்கு சாக்கு கடப்பு. மலைக்கு அப்பால் இருக்கும் சாக்கு நாட்டுச் சாமி அந்த வழியாக வருகிறார் என்று கணக்கு. இவை எந்த இடத்தில் தொடங்கி, எங்கே வெட்டிக்கொண்டன என்பதை வைத்து அந்த ஆண்டு மழை எப்படி, நெல் விளையுமா, நாட்டு நடப்பு எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

எப்படிச் சொல்வார்கள் என்பதுதான் முக்கியம். பழைய ஏட்டைப் புரட்டி, இதே போல வரப்பு விழுந்த ஆண்டு எது என்று தேடுவார்கள். அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஆண்டுகள் வேண்டும். அப்படியானால் ஒவ்வோர் ஆண்டையும் எழுதிவைக்க வேண்டும். வரப்பே எழாத ஆண்டுக்கும் ஜோசியம் உண்டு என்பதால் அதையும் எழுத வேண்டும். வானிலை ஆய்வாளர்கள் நாக்கில் எச்சில் ஊறப் பார்க்கும் இந்தத் தொடர்ச்சி, நெல் விலை என்ன ஆகும் என்ற கவலையில் பிறந்தது. ஜோசியத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுத் தேதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள், அந்தத் தேதிகள் எழுதப்பட்ட காரணத்தையே ஒதுக்குகிறார்கள். ஜோசியம் பலித்ததா என்று கேட்டால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஏடு பலித்துவிட்டது.

ஏடு ஆய்வுக்கூடத்துக்குப் போன கதை

இந்தப் பதிவை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியதில் ஒரு சுவாக்காரருக்குப் பங்கு உண்டு. ஃபுஜிவாரா சாகுஹேய், 1884-இல் இந்த ஊரில் பிறந்தவர். பின்னால் ஜப்பானின் மத்திய வானிலை ஆய்வகத்தின் தலைவரானார். புயல் காலத்தில் வானிலைப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அருகருகே வரும் இரண்டு புயல்கள் ஒன்றையொன்று சுற்றுவதை ஃபுஜிவாரா விளைவு என்கிறோமே, அவரேதான். அவர் திரட்டிய சுவா ஏரித் தேதிகளை வைத்து அராகாவா ஹிதேதோஷி என்ற வானிலை அறிஞர் 1954-இல் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். ஐந்து நூற்றாண்டுத் தேதிகள் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்ததில் அதிகம் பேசப்பட்டது 2016-இல் வெளியான ஆய்வு. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா ஷர்மா, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மேக்னசன் முதலானோர் சேர்ந்து செய்தது. சுவா ஏரியோடு, ஃபின்லாந்து எல்லையில் ஓடும் டோர்னே ஆற்றின் பதிவையும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே 1693-இல் ஓலோஃப் ஆல்போம் என்ற வணிகர் ஆற்றுப் பனி உடையும் நாளைக் குறிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு பக்கம் சாமிக்காக, இன்னொரு பக்கம் சரக்குப் போக்குவரத்துக்காக.

சுவாவைப் பற்றி அவர்கள் கண்டது இது. தொடக்கத்து 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே மூன்று. 1955 முதல் 2004 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் பன்னிரண்டு. 2005 முதல் 2014 வரையிலான பத்தே ஆண்டுகளில் ஐந்து. உறையும் நாளும் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது: பழைய காலத்தில் பத்தாண்டுக்கு 0.19 நாள் என்று ஊர்ந்துகொண்டிருந்தது, தொழிற்புரட்சிக்குப் பிறகு பத்தாண்டுக்கு 4.6 நாள் என்று ஓடத் தொடங்கியது.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. அறுநூறு ஆண்டுப் பதிவு என்றால் முழுக்க ஒரே தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எழுதிய கைகள் மாறின, பஞ்சாங்கம் மாறியது. ஏரி முழுதாக உறைந்த நாள் வேறு, வரப்பு எழுந்த நாள் வேறு, சடங்கு நடந்த நாள் வேறு. எந்த ஆண்டில் எதை எழுதினார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பத்திரிகைகள் இதில் அடிக்கடி சறுக்குகின்றன. ஏரி முழுவதும் உறைந்தும் வரப்பு எழாத ஆண்டுகள் உண்டு. 'சாமி கடக்கவில்லை' என்பதை 'ஏரி உறையவில்லை' என்று எழுதிவிட்டால் கணக்கு கெட்டுப்போகும்.

ஏரியும் பழைய ஏரி இல்லை. கரைகள் தூர்க்கப்பட்டு உருவம் மாறியது. சுற்றிலும் ஒகாயா, சிமோசுவா, சுவா என்று ஊர்கள் பெருத்தன. ஒகாயா பட்டு நூற்பாலைகளால் வளர்ந்த ஊர். போருக்குப் பிறகு கடிகாரம், கேமரா, நுண்கருவித் தொழில்கள் வந்தன. செய்கோ எப்சன் நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் சுவாவில்தான். வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஏரியில் சேர்ந்து, 1960-களிலும் 70-களிலும் கோடைக்காலத்தில் தண்ணீர் பச்சைப் பாசியாக மாறிக் கிடந்தது. 1979-இல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு தொடங்கிய பிறகே மெல்லத் தேறியது. இவ்வளவும் ஒரு சிறிய, ஆழமில்லாத ஏரிக்கு நடந்திருக்கிறது. உறைவதில் ஏற்பட்ட மாற்றம் முழுவதையும் பூமி சூடாவதன் கணக்கில் எழுதிவிட முடியாது. ஊரின் சொந்தச் சூடும் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஃபின்லாந்து எல்லை ஆறும் சூடேறும் அதே திசையில் போவதைப் பார்க்கும்போது, உள்ளூர்க் காரணங்களை மட்டும் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

சுவா ஏரி இவ்வளவு கூர்மையாகக் காட்டிக்கொடுப்பதற்குக் காரணம் அது விளிம்பில் இருப்பது. இன்னும் வடக்கே, ஹொக்கைடோவில் ஒரு ஏரி என்றால் ஒன்றிரண்டு டிகிரி கூடினாலும் உறைந்துகொண்டுதான் இருக்கும். சுவாவில் அந்த ஒன்றிரண்டு டிகிரிதான் உறைவதற்கும் உறையாததற்கும் நடுவில் இருக்கும் தூரம்.

திறந்த கடல்

சாமி கடக்காத ஆண்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது: அக்கே நோ உமி. திறந்தே கிடந்த கடல். 2012, 2013 இரண்டு ஆண்டும் ஓமிவதாரி எழுந்தது. அப்புறம் நான்கு ஆண்டு திறந்த கடல். 2018 பிப்ரவரியில் மறுபடி எழுந்தபோது கரையெல்லாம் கூட்டம், தொலைக்காட்சிக் கேமராக்கள். அதன் பிறகு 2019 முதல் 2025 வரை தொடர்ந்து ஏழு குளிர்காலங்கள் திறந்த கடல் என்றே அறிவிக்கப்பட்டன. 2018-இல் பிறந்த ஒரு சுவாப் பிள்ளை தொடக்கப் பள்ளிக்குப் போகும் வயது வந்தும் அதைப் பார்க்கவில்லை.

சுவாவுக்கு வேறு பெருமைகள் இல்லாமல் இல்லை. ஆறாண்டுக்கு ஒருமுறை, அவர்கள் எண்ணும் முறையில் ஏழாம் ஆண்டு, நடக்கும் ஓன்பாஷிரா திருவிழா உலகப் புகழ். மலையிலிருந்து பதினாறு பெரிய மரங்களை வெட்டி, ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுத்து, செங்குத்துச் சரிவில் ஆட்கள் மேலே உட்கார்ந்திருக்க அப்படியே சறுக்கவிட்டு, நான்கு கோயில்களின் நான்கு மூலைகளிலும் நடுவார்கள். அடிபடும், சில ஆண்டுகளில் உயிரும் போகும். 2022-இல் கொரோனா காரணமாக மலையிலிருந்து இறக்கும் கட்டத்தை லாரியில் ஏற்றி முடித்தபோது ஊரே சோர்ந்துபோனது. அடுத்தது 2028. ஆகஸ்ட் 15 அன்று ஏரியில் நடக்கும் வாணவேடிக்கை நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று. இவை எல்லாம் ஊர் முடிவு செய்தால் நடக்கும்; லாரியில் ஏற்றியாவது நடத்திவிடலாம். ஓமிவதாரியை நடத்த முடியாது. காத்திருக்க மட்டும் முடியும்.

காத்திருப்பதே இப்போது யாட்சுருகி கோயிலின் தனித் தொழில் ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பு வரப்பு எழுந்த நாளில்தான் அதற்கு முக்கியத்துவம். இப்போது எழாத முப்பது காலைகளிலும் செய்தியாளர்கள் கூடவே நிற்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளில் இன்று தண்ணீர் எத்தனை டிகிரி என்று வருகிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். கரையோரம் கண்ணாடித் தாள் போலப் பனி படர்ந்தால் அன்றைக்கு ஒரு நம்பிக்கை. மத்தியானக் காற்றில் அலை வந்து அதை உடைத்துவிட்டால் மறுநாள் காலையில் முகங்கள் வாடியிருக்கும்.

வெளியூர்ச் செய்திகளில் இது பெரும்பாலும் 'கடவுள் கைவிட்ட ஏரி' என்ற தொனியில் வருகிறது. அழகான தலைப்புதான், ஆனால் சுவாவின் சொல்லில் அந்த அழுகை இல்லை. திறந்த கடல் என்ற சொல் தண்ணீர் இருந்த நிலையைச் சொல்கிறது, அவ்வளவுதான். பழைய ஏட்டிலும் அது இருக்கிறது; போர்க் காலத்தில் ஒரு திறந்த கடல், பஞ்ச காலத்தில் ஒரு திறந்த கடல். வருத்தம் இல்லை என்று சொல்லவில்லை. ஏழாண்டு ஒரு ஆள் வராவிட்டால் யாருக்கும் கவலை வரும். அதுவும் அவர் மனைவியைப் பார்க்க வருகிறவர். ஆனால் கோயில்காரர்கள் அந்தக் கவலையைக் கையாளும் விதம், தலைப்பு எழுதுகிறவர்களின் விதத்தைவிட நிதானமானது. ஏரியின் நிலை மாறுகிறது என்றால், மாறுகிறது என்று எழுதுவது அவர்கள் வேலை. அதைத்தான் எப்போதும் செய்துவந்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கருவிகள் இப்போது எல்லா இடத்திலும் இருக்கின்றன. ஏரி உறைந்ததா என்று செயற்கைக்கோளே சொல்லிவிடும். ஆறரை மணிக்கு ஆள் போய்ப் பார்க்க வேண்டிய தேவை அறிவியலுக்கு இல்லை. ஆனாலும் சோதாய் பொறுப்புக்கு வருகிறவர்கள், சம்பளம் இல்லாத அந்த வேலைக்கு, வேலைக்குப் போகும் முன் இருட்டில் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பொறுப்புக் காலம் முடிந்ததும் அடுத்தவர்கள் வருகிறார்கள். தங்கள் பொறுப்பில் ஒருமுறையாவது சாமி கடப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்து வந்து, பார்க்காமலேயே போனவர்கள் இந்த ஏழாண்டில் இருப்பார்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில், வசந்தம் பிறக்கும் நாளை ஒட்டி, கூஜி கரையில் நின்று அந்த ஆண்டின் முடிவை அறிவிக்கிறார். சில நாள் கழித்து, நடந்ததைச் சாமிக்கு முறையாகத் தெரிவிக்கும் சடங்கு யாட்சுருகியில் நடக்கும். பிறகு அறிக்கை சுவா தாய்ஷா மேல் கோயிலுக்குப் போகும். அங்கிருந்து அரண்மனை நிர்வாகத்துக்கும் வானிலைத் துறைக்கும் தகவல் போகும். முன்பு ஷோகுனுக்குப் போன அறிக்கையின் இன்றைய வழி அது. சாமி கடந்த ஆண்டு என்றால் இறங்கிய இடம், ஏறிய இடம், வரப்புகள் வெட்டிக்கொண்ட இடம் என்று எழுத நிறைய இருக்கும். கடக்காத ஆண்டிலும் ஏட்டில் இடம் விடுவதில்லை. அந்தக் குளிர்காலத்தின் காலைகள், ஒருநாள் மட்டும் கரையில் படர்ந்து உடைந்த மெல்லிய பனி, அந்த ஆண்டில் ஊரிலும் நாட்டிலும் நடந்தவை எல்லாம் பின்னால் புரட்டப் போகிறவருக்காக எழுதப்படுகின்றன. அதற்குக் கீழே ஒரு வரி: அக்கே நோ உமி.